புறநிழலா, அரைநிழலா?

ஐயா,
ஏழாவது படிக்கும் மகளுக்குக் கிரகணம் பற்றிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நிழலின் நடுக்கருமையைச் சுற்றியுள்ள மங்கலான பகுதியான பெனும்ப்ராவை ஒரு புத்தகம் புறநிழல் என்கிறது, இன்னொன்று அரைநிழல் என்கிறது. எது சரி? மூலச் சொல்லுக்கு என்ன பொருள்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

என் ஓட்டு புறநிழலுக்குத்தான்.

லத்தீனில் 'உம்ப்ரா' என்றால் நிழல். 'பைனே' என்றால் ஏறக்குறைய. இரண்டையும் ஒட்டவைத்துச் பெனும்ப்ரா என்ற சொல்லை உண்டாக்கியவர் வானியலாளர் கெப்ளர், 1604இல் வந்த தன் ஒளியியல் நூலில். தீபகற்பத்தைக் குறிக்கும் பெனின்சுலாவிலும் அதே பைனேதான்: ஏறக்குறையத் தீவு. ஆக, மூலத்தில் 'அரை' கிடையாது. ஆனால் கெப்ளருடைய சொந்த ஜெர்மன் மொழி இரண்டுக்குமே அரை போட்டுக்கொண்டது: ஹால்ப்ஷாட்டன், ஹால்ப்இன்சல். அரைநிழல்காரர்களுக்கும் துணைக்கு ஆள் உண்டு.

ராத்திரி குண்டு பல்பின் கீழே, மேசையை ஒட்டி ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடியுங்கள். நிழல் கத்தரித்தாற்போல விழும். மெல்லத் தூக்குங்கள். நடுக்கருமை சுருங்கும், சுற்றிலும் மங்கல் பரவும். அந்த மங்கலில் ஓர் எறும்பு நின்று அண்ணாந்தால் பல்பில் கொஞ்சம் தெரியும், கொஞ்சம் மறைந்திருக்கும். உள்ளோரத்தில் கீற்றளவு தெரிவது, வெளியே நகர நகரக் கூடிக்கொண்டே போகும். சரிபாதி தெரிவது நடுவில் ஏதோ ஒரு கோட்டில் மட்டும்தான். அதற்காக மொத்தத்தையும் அரை என்பானேன்? புறம் என்றால் அளவு வம்பே இல்லை, இடத்தைச் சொன்னதோடு சரி.

நாணயத்தை இன்னும் தூக்கினால் கருமை அடியோடு மறைந்துவிடும். இப்போது நடுவில் நிற்கும் எறும்புக்கு நாணயத்தைச் சுற்றி பல்பு வளையமாகத் தெரியும். இந்த இடத்துக்குப் பெயர் ஆன்டும்ப்ரா. 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை வாக்கில், சூரிய கிரகணத்தின்போது, திண்டுக்கல்லில் நாங்கள் நின்றது அதற்குள்தான். நிலவின் கருநிழல் கூம்பு பூமியைத் தொடாமல் மேலேயே முடிந்துபோயிருந்தது. வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெயில் பொட்டெல்லாம் சின்னச் சின்ன வளையம். ஒரு பாட்டி அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

இதை 'எதிர்நிழல்' என்று பெயர்த்தால் தப்பு. அதிலிருப்பது 'ஆன்டே', அதாவது முன். எதிர்ப்பைக் குறிக்கும் 'ஆன்டி' அல்ல. நான் வளையநிழல் என்று எழுதுகிறேன்.

ஆனால் பரீட்சையில் மகளைப் பள்ளிப் புத்தகத்தில் உள்ளதையே எழுதச் சொல்லுங்கள்.