பழைய லேத்துக்கு வேகக் கட்டுப்படுத்தி: பெல்ட்டைக் கைவிடலாமா?

களுவாஞ்சிக்குடியில் உழவு இயந்திரங்களுக்கும் தோணி இயந்திரங்களுக்கும் பாகங்கள் கடைந்து கொடுக்கும் வாசகர் ஒருவரின் பட்டறையில் சிங்கிள் பேஸ் மின்சாரம் மட்டுமே உண்டு. 2 குதிரைவலு மூன்று பேஸ் மோட்டார் பூட்டிய தமது பழைய லேத்தை வேகக் கட்டுப்படுத்தி மூலம் ஓட்டலாமா, ஓட்டினால் பெல்ட் மாற்றும் வேலை இல்லாமற் போகுமா என்று அவர் கேட்கிறார். தாராளமாக ஓட்டலாம், ஆனால் பெல்ட்டையும் பேக் கியரையும் (வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் பற்சக்கரத் தொகுதி) கைவிடக்கூடாது.

இக்கருவி 230 வோல்ற் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கி, வேண்டிய மீடிறனில் மூன்று பேஸாக மாற்றித் தருகிறது. 50 ஹேர்ட்ஸில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1440 முறை சுழலும் மோட்டார், 25 ஹேர்ட்ஸில் அதிற் பாதியளவே சுழலும். முறுக்குவிசை பெரும்பாலும் குறையாது, ஆனால் வலு பாதியாகிவிடும். பெல்ட்டை மாற்றி வேகத்தை நான்கிலொன்றாக்கினால் சுழல்தண்டின் முறுக்குவிசை நான்கு மடங்காகும்; அதே குறைப்பைக் கருவியிற் செய்தால் முறுக்குவிசை சிறிதும் அதிகரிக்காது. பெரிய கப்பியைக் கடையும்போது இந்த வேறுபாடு உடனே தெரியும். மெதுவாக ஓடும் மோட்டாரின் விசிறியும் மெதுவாகவே சுற்றுவதால் சூடும் ஏறும். ஆகவே பெல்ட்டால் ஏற்ற வேகத்துக்கு அண்மையில் வந்து, மிச்சத்தை 25 முதல் 60 ஹேர்ட்ஸுக்குள் கருவியால் சரிசெய்வதே என் பரிந்துரை.

வாங்குமுன் மோட்டாரின் பெயர்த்தகட்டைக் கட்டாயம் வாசியுங்கள். 230 வோல்ற் ஏற்கும் கருவி பொதுவாக 230 வோல்ற்றுக்கு மேல் வெளிவிடாது. தகட்டில் டெல்டா 230, ஸ்டார் 400 என்றிருந்தால் (மோட்டாரின் மூன்று சுருள்களை முக்கோணமாக இணைப்பது டெல்டா, அவற்றின் ஒரு பக்க முனைகளை ஒன்றாக முடிவது ஸ்டார்), இணைப்புப் பெட்டியில் ஸ்டாரை டெல்டாவாக மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் 50 ஹேர்ட்ஸில் முறுக்குவிசை மூன்றிலொரு பங்காகிவிடும். சில பழைய மோட்டார்களில் மூன்று வயர்களே வெளியே வரும். ஸ்டார் முடிச்சு சுருளுக்குள்ளேயே இருக்கும். அதை வெளியே எடுப்பது வைண்டிங் செய்பவரின் வேலை.

லேத்திலுள்ள பழைய முன்பின் சுவிட்சைக் கருவிக்கும் மோட்டாருக்கும் நடுவில் விடாதீர்கள். ஓட்டத்தின்போது அதைத் திருப்பினால் கருவி பழுதடையும். நிறுத்தம், திசைமாற்றம் ஆகிய கட்டளைகள் கருவியின் கட்டுப்பாட்டு முனைகள் வழியாகவே செல்லட்டும். சக் (வேலைப்பொருளைப் பிடிக்கும் பிடி) மரையால் பூட்டப்பட்டதாயின், சடுதியான நிறுத்தமும் திசைமாற்றமும் அதைக் கழற்றி எறியக்கூடும் என்பதால், நிற்கும் நேரத்தைச் சில விநாடிகளாக அமைப்பது அவசியம். கடற்காற்றின் ஈரமும் இரும்புத் தூளும் அண்டாத மூடிய பெட்டியில், வெப்பம் தணிய இடம்விட்டு, நல்ல எர்த் இணைப்புடன் கருவியைப் பொருத்துங்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அதன் கொள்ளளவிகளில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். பத்து நிமிடமாவது பொறுத்தே மூடியைத் திறக்க வேண்டும்.