64 கட்டத்து அரிசி எண்: கேள்வி பதில்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 4 என்று 64 கட்டங்களையும் நிரப்பினால் மொத்தம் 18446744073709551615. அதாவது 2^64−1. எனக்கு மிகவும் பிடித்த எண் இது. நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

சார், இதை எப்படி வாசிப்பது?

வலப்பக்கத்திலிருந்து முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாகப் பிரியுங்கள்: 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுச் சொல்ல, ஏறத்தாழ 1,84,467 கோடி கோடி.

எக்செல்லில் 2^64 போட்டால் 18446744073709600000 என்று காட்டுகிறது. எது சரி?

எக்செல் 15 இலக்கம் வரைதான் காக்கும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். அது தப்பு என்று கணினி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். 2-இன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று மாறி மாறித்தான் முடியும், பூஜ்யத்தில் முடியவே முடியாது. 64 நான்கால் வகுபடுவதால் 2^64 ஆறில் முடிகிறது. ஒன்றைக் கழித்தால் 5.

அண்ணா, நான் பத்தாவது படிக்கிறேன். இது பகா எண்ணா?

இல்லை தம்பி, 5-இல் முடிகிறதே! ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. a²−1 = (a+1)(a−1) பள்ளியில் படித்திருப்பாய். அதை இங்கே போடு: (2^32+1)(2^32−1). இரண்டாவது அடைப்பை மறுபடி பிரி, மறுபடி பிரி. வெங்காயம் உரிப்பது போல வந்துகொண்டே இருக்கும். கடைசியில் கையில் நிற்பவை 3, 5, 17, 257, 65537, 4294967297. முதல் ஐந்தும் பகா எண்கள்.

அந்த ஆறாவது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று 1640 வாக்கில் ஃபெர்மா என்ற கணித மேதை நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை அதை உடைத்தார்: 4294967297 = 641 × 6700417. நீள வகுத்தல் போடாமலே இதைப் பார்க்கலாம், தாளும் பேனாவும் எடுங்கள்.

641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5×2^7 + 1 என்றும், 5^4 + 2^4 என்றும். முதலாவதன்படி, 641-ஆல் வகுத்தால் 5×2^7-க்கு மீதி −1 (அதாவது வகுபட ஒன்று குறைகிறது). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28-க்கு மீதி 1. இரண்டாவதன்படி, 5^4 இருக்குமிடத்தில் −2^4 போடலாம். ஆக −2^32-க்கு மீதி 1. அப்படியென்றால் 2^32+1 மீதியில்லாமல் வகுபட்டாக வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

மொத்தம் எத்தனை காரணிகள்?

ஏழு பகாக் காரணிகள், ஒவ்வொன்றும் ஒரே முறை. எனவே 2^7 = 128, ஒன்றையும் இந்த எண்ணையும் சேர்த்து.

64 பிட் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் எழுதும் இரும முறையில் இது வரிசையாக 64 ஒன்றுகள். அந்த ஒவ்வொரு இலக்கமும் ஒரு பிட். குறியில்லாத (கழித்தல் குறிக்கு இடமில்லாத) 64 பிட் முழு எண்ணின் உச்சம் இதுதான். இதோடு ஒன்றைக் கூட்டினால் கணினி அந்த எண்ணை வைத்திருக்கும் பதிவகம் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும்.

அரிசியாக அளந்தால் எவ்வளவு இருக்கும் ஐயா?

கிராமுக்கு 50 அரிசி என்று கணக்கு வைத்தால், முதல் 32 கட்டங்களுக்கு 86 டன்தான். சில லாரிகளில் ஏற்றிவிடலாம். முழுப் பலகைக்கு ஏறத்தாழ 36,900 கோடி டன்! உலகம் இப்போது ஆண்டுக்கு 50 கோடி டன்னுக்குச் சற்று மேல் அரிசி விளைவிக்கிறது. ஒரு பிடிகூட உண்ணாமல் சேர்த்தாலும் ஏறக்குறைய 700 ஆண்டுகள் ஆகும். அதில் பாதி கடைசி ஒரு கட்டத்துக்கே போய்விடும்.