மலைக் குளிரில் பம்ப் துப்பாக்கி: வாசகர் கேள்வி, ஃபிட்டர் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயின்ட்போல் துப்பாக்கி, அதாவது காஸ் அழுத்தத்தில் சாயக் குண்டு சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கி பற்றியவை. தேயிலை ஸ்டோரில் ரோலருக்கும் ட்ரையருக்கும் ஃபிட்டராக இருந்துவிட்டு இப்போது ஹட்டனில் லேத் வைத்திருக்கிறேன். விளையாட்டுத் திடல் ஒன்றின் வாடகைத் துப்பாக்கிகள் பழுதுபார்க்க என்னிடம் வருவதால் கேட்டவர்களுக்குத் தெம்பாகவே பதில் சொல்ல முடிகிறது. இளைஞர்கள் ஒரு கருவியைக் கழற்றிப் பார்க்க ஆசைப்படுவது எனக்குப் பெரிய சந்தோஷம்.

கேள்வி: அண்ணே, கொழும்பில் ஒருவரிடம் பழைய பம்ப் துப்பாக்கி வாங்கினேன், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளுகிறது. 12 கிராம் காஸ் குப்பி போடுகிற வகை. அங்கே வேகமானியில் செகண்டுக்கு 280 அடி காட்டியது. இங்கே காலையில் சுட்டால் 240ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. தடித்த ஸ்பிரிங் மாற்றினால் சரிவருமா?
— நுவரெலியா வாசகர்

பதில்: ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள் தம்பி. துப்பாக்கியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. குளிர்ந்திருப்பது காஸ்.

குப்பிக்குள் இருப்பது திரவமாக அடைத்த காபனீரொட்சைட்டு. உள்ளே திரவம் மிச்சமிருக்கும்வரை, குப்பி நிறைந்திருந்தாலும் அரைவாசியானாலும் அழுத்தம் ஒன்றுதான். அதை முடிவு செய்வது சூடு. 30 பாகையில் ஏறக்குறைய 1,045 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்), 20 பாகையில் 830, 10 பாகையில் 650. கொழும்பு மத்தியானத்துக்கும் கிரகரி வாவிக் கரையில் பனி விலகாத காலைக்கும் இடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழுத்தம் போய்விடுகிறது. வேகம் குறையாமல் என்ன செய்யும்?

தடித்த ஸ்பிரிங் போட்டால், அது தள்ளுகிற ஹாமர் காஸை விடுகிற வால்வை பலமாக அடிக்கும், வால்வ் கூடுதல் நேரம் திறந்து நிற்கும், காலையில் 280 வந்துவிடும். சரி, பதினொரு மணிக்கு வெயில் ஏறினதும்? அதே துப்பாக்கி 300ஐத் தாண்டும். அதைக் கண்டிக்குக் கொண்டுபோனால் இன்னும் மோசம். விளையாட்டுக்கு உச்ச வரம்பு 300 அடி, அநேக திடல்கள் 280இலேயே நிறுத்திவிடும். 3 கிராம் குண்டு 300 அடி வேகத்தில் வந்தால் அது மோதுகிற சக்தி ஏறக்குறைய 12.5 ஜூல். வேகம் 10 வீதம் கூடினால் அடியின் பலம் 21 வீதம் கூடிவிடும். நீங்கள் காலையில் செய்த வேலைக்கு மத்தியானம் இன்னொரு பிள்ளையின் உடம்பு பதில் சொல்ல வேண்டி வரும்.

செய்ய வேண்டியது இதுதான். குப்பிகளை ஸ்வெட்டருக்கு உள்பக்கச் சட்டைப் பையில் வைத்திருங்கள், உடம்புச் சூடு போதும். சுடுதண்ணீரில் போடுவது, அடுப்படியில் வைப்பது எல்லாம் கூடவே கூடாது. ஒவ்வொரு தடவை சுடும்போதும் காஸ் இன்னும் குளிர்வதால், வேகம் பார்க்கும்போது ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். அப்புறம் வேகத் திருகைக் கால் சுற்றுத் திருகி மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு கால் சுற்று. வெயில் ஏறியதும் திரும்ப வேகமானி முன் நில்லுங்கள். இந்தத் திருகு இருக்கும்போது ஸ்பிரிங் மாற்ற வேண்டிய தேவையே வராது.

மூன்று குண்டும் மூன்று விதமாக, 250, 275, 260 என்று காட்டினால் திருகைத் தொடவே வேண்டாம். அது குண்டும் அது ஓடுகிற குழாயான பெரலும் பொருந்தாததால் வரலாம், காஸை அடைத்து நிறுத்துகிற ஓ-ரிங் வளையத்தின் கசிவால் வரலாம். துப்பாக்கி சீராக்குவது என்றால் என் கணக்கில் ஒவ்வொரு சூடும் ஒரே வேகத்தில் வர வைப்பதுதான். சராசரி 265ஆக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாம் 265க்குப் பக்கத்தில் விழ வேண்டும்.

அழுத்தத்தை ஒரே அளவில் விடுகிற ரெகியுலேட்டர் வைத்த காற்று சிலிண்டருக்கு மாறினால் இந்தக் குளிர்த் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் அந்த உயர் அழுத்தக் காற்றை நிரப்பக் கடற்கரைப் பக்கத்து டைவிங் கடைகள் வரை இறங்க வேண்டியிருக்கும். மலையில் இருப்பவருக்குக் குப்பியே வசதி.

கேள்வி: குண்டு பெரலுக்குள்ளேயே உடைகிறது. உடையாதவையும் இடதும் வலதுமாகப் போகின்றன. பெரலை உங்கள் லேத்தில் கொஞ்சம் பெரிதாக்கித் தர முடியுமா?
— தலவாக்கலை வாசகர்

பதில்: பெரிதாக்கித் தர மாட்டேன். முதலில் குண்டைப் பாருங்கள்.

குண்டின் தோல் ஜெலட்டின், மருந்து கெப்சூலின் தோல் போன்றது. ஈரத்தை உறிஞ்சும். தலவாக்கலையில் மழைக்காலத்தில் உடுப்பே நாள்கணக்கில் காயாது. அந்தக் காற்றில் பையைத் திறந்து வைத்தால் குண்டு ஊதும், மெதுவாகும், ஒரு பக்கம் சப்பையாகும். 0.68 அங்குலம் என்று பையில் எழுதியிருக்கும், உள்ளே வேறு அளவு இருக்கும். சப்பைக் குண்டு நேராகப் போகாது, ஊதின குண்டு பெரலில் இறுகி வெடிக்கும்.

விட்டம் அளக்கிற கலிப்பர் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். காஸைக் கழற்றிவிட்டு, பெரலையும் துப்பாக்கியிலிருந்து தனியாகக் கழற்றி எடுங்கள். அதன் பின்பக்கத்தில் ஒரு குண்டை வையுங்கள். தானே உருண்டு மறுபக்கம் விழுந்தால் பெரல் தளர்வு. விரலால் தள்ள வேண்டியிருந்தால் இறுக்கம். வைத்த இடத்திலேயே நின்று, வாய் வைத்து ஒரு ஊது ஊதினால் சட்டென்று ஓடினால் அதுதான் பொருத்தம். பையில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அந்தப் பையைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

பெரலின் உள் விட்டத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே பெரிய வித்தியாசம். இன்றைய குண்டுக்காக நான் கடைந்து கொடுத்தால், அடுத்த மாதம் வருகிற உலர்ந்த குண்டு அதில் லொட லொட என்று கிடக்கும். கடைந்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. காசு இருந்தால் அளவு அளவாக உள்குழாய் மாற்றுகிற பெரல் வாங்குங்கள், குண்டுக்குத் தக்கபடி குழாயை மாற்றிக்கொள்ளலாம்.

குண்டை மூடி இறுகிய டப்பாவில், வீட்டுக்குள், அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை டப்பாவைப் புரட்டி வைத்தால் ஒரே பக்கம் அமுங்காது. குளிர்ந்த காலையில் தோல் நொறுங்கும் பதமாக இருக்கும், குண்டையும் காஸோடு சேர்த்துச் சூடாக வைத்திருங்கள். உடைந்தால் பெரலைக் கழுவ வெறும் தண்ணீர் போதும். உள்ளே இருக்கிற சாயம் தண்ணீரில் கரையக்கூடியது, பெற்றோல் தேவையில்லை. உலோகம் தேய்க்கிற எமரித் தாளைக் குச்சியில் சுற்றி உள்ளே விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: என்ன எண்ணெய் போடலாம்? தேங்காயெண்ணெய் போட்டேன், இறுகிவிட்டது.
— பண்டாரவளை வாசகி

பதில்: தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கிவிடும் தங்கச்சி. நம் பக்கம் போத்தலிலேயே வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, வால்வுக்குள்ளும் அப்படியே நிற்கும். உங்களுடையது காஸ் குப்பி போடுகிற வகை என்றால் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். துருப்பிடித்த நட்டுக்கு அடிக்கிற ஸ்பிரேயை அடிக்காதீர்கள், ஓ-ரிங்குக்கு ஆகாது. உயர் அழுத்தக் காற்று சிலிண்டர் வைத்திருப்பவர்கள் நிரப்பும் வாயிலில் எந்த எண்ணெயும் விடக் கூடாது, தீப்பற்றும் ஆபத்து உண்டு. காஸ் குப்பிக்கு ஓ-ரிங் மாற்றினால் யூரித்தேன் கேளுங்கள். சாதாரண ரப்பர் அந்தக் காஸை உறிஞ்சி ஊதிவிடும்.

கேள்வி: ட்ரிகரை லேசாக்க, ஹாமரைப் பிடிக்கிற கொக்கியை அரத்தால் கொஞ்சம் ராவினேன். முதலில் அருமையாக இருந்தது. இப்போது பம்பை முன்னுக்குத் தள்ளும்போதே சில நேரம் தானாகச் சுடுகிறது.
— பதுளை வாசகர்

பதில்: இன்றோடு அந்தத் துப்பாக்கியை விளையாட எடுக்காதீர்கள். முதலில் காஸைக் கழற்றுங்கள், குண்டைக் கொட்டுங்கள், வெறுமனே இரண்டு தடவை சுட்டு மிச்ச அழுத்தத்தையும் வெளியேற்றுங்கள்.

கொக்கியின் முனை மேலே மெல்லிய தோல் அளவுக்குத்தான் கடினமாக்கப்பட்டிருக்கும். உள்ளே மெதுவான இரும்பு. நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற லென்ஸால் பாருங்கள். ராவின இடம் பளபளப்பாகவும், அதன் ஓரம் உருண்டும் இருக்கும். அந்த ஓரத்தில் ஹாமர் நிற்காமல் வழுக்குகிறது. தோல் போனபிறகு தேய்மானம் நிற்காது, நாளைக்கு இதைவிட மோசமாகும். கொக்கியும் ஹாமரும் சோடியாகப் புதிதாக மாற்றுவதே வழி. வெல்ட் வைத்து ராவலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள், கூடாது.

புதிது போட்டபின் சோதனை: குண்டில்லாமல் காஸ் மட்டும் போட்டு, துப்பாக்கி வாயை மண் மூட்டைப் பக்கம் திருப்பி, பம்பை வேகமாக இழுத்துத் தள்ளுங்கள். பிறகு உள்ளங்கையால் பின்பக்கத்தில் நன்றாகத் தட்டுங்கள். ஒரு தடவையும் தானாகச் சுடக் கூடாது.

லேசாக வேண்டும் என்றால் பம்பில் வேலை செய்யுங்கள். பம்பின் தண்டையும் அது ஓடுகிற காடியையும் துடைத்து, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற 2,000 நம்பர் தாளால் தண்டை மட்டும் மெருகேற்றுங்கள். தண்டு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள். நான் பார்த்த அநேக "இறுக்கமான" துப்பாக்கிகளில் வளைந்த தண்டுதான் காரணம். இழுப்பு நீளத்தை மட்டும் கண்டபடி குறைக்காதீர்கள். குண்டைப் பெரலுக்குள் தள்ளுகிற போல்ட் முழுதாகப் பின்னுக்குப் போகாவிட்டால் குண்டு பாதி விழுந்து நறுக்குப்பட்டுவிடும்.

கேள்வி: எல்லாரும் தானியங்கி வைத்திருக்கிற இடத்தில் பம்ப் வைத்து விளையாடினால் வெல்ல முடியுமா? கறுப்பு பெயின்ட் அடித்து நீளப் பெரல் போட்டு, மாமா வீட்டுத் தோட்டத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோக நினைக்கிறேன்.
— மஸ்கெலியா வாசகர்

பதில்: வெல்ல முடியும். இந்த விளையாட்டே மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போடுகிற நெல்ஸ்பொட் 007 என்ற துப்பாக்கியில் தொடங்கியது. 1981 ஜூனில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் முதல் ஆட்டம் ஆடினார்கள். எல்லாக் கொடிகளையும் எடுத்து வென்றவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை, காட்டில் சத்தமில்லாமல் நடந்தே முடித்துவிட்டார். பம்ப் வைத்திருப்பவர் ஒவ்வொரு குண்டையும் நின்று யோசித்துச் சுடுகிறார். எனக்கு இந்தக் கருவியைப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

நீளப் பெரலால் தூரம் கூடாது. 12 அங்குலத்துக்கு மேல் போனால் உரசல்தான் மிச்சம், மரக் கொப்புகளிலும் தட்டும்.

கறுப்பு பெயின்ட் வேண்டாம் தம்பி. நம் நாட்டில், நம் பிள்ளைகள் துப்பாக்கி போன்ற ஒன்றைக் கையில் வைத்திருந்தால் தூரத்தில் நிற்கிறவருக்கு அது விளையாட்டுச் சாமானாகத் தெரியாது. சந்தியில் நிற்கிற பொலிஸ்காரருக்கும் தெரியாது. நானாக இருந்தால் பெரல் முனைக்கும் பம்புக்கும் பளிச்சென்ற ஒரேஞ்சு நிறம் அடிப்பேன். முதலில் உங்கள் பொலிஸ் நிலையத்தில் பெரியவர் ஒருவரோடு போய், இதை வைத்திருக்கவும் கொண்டுபோகவும் என்ன வேண்டும் என்று கேளுங்கள். சரி என்றால் பெரலைத் தனியாகக் கழற்றி, காஸ் குப்பியை வேறு பையில் போட்டு, எல்லாவற்றையும் மூடிய பைக்குள் வைத்துக் கொண்டுபோங்கள். தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களம், லயத்து வாசல், கொழுந்து பறிக்கிற மலை, இந்த மூன்று பக்கமும் வாயைத் திருப்பக் கூடாது. சுற்றி நிற்கிற சின்னப் பிள்ளைகளுக்கும் முகக் கவசம் வேண்டும். எத்தனை கவசம் இருக்கிறதோ அத்தனை பேர்தான் திடலுக்குள் நிற்கலாம்.