ஸ்லீவுக்குப் பிறகு மலச்சிக்கலா? முதலில் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து சில வாரம் ஆகிறது, நாலைந்து நாளைக்கு ஒருமுறைதான் மோஷன் போகிறது, அதுவும் கல் மாதிரி, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் சொல்லக் கூச்சம், மருத்துவமனையில் சொன்னால் "நார்ச்சத்து சேர்த்துக்கோங்க" என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். என் அனுபவம் அப்படித்தான் என்பதால் உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு வரிதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஆரம்ப வாரங்களில் ஒரு வேளைக்கு நாலு ஸ்பூன் உள்ளே போவதே பெரிய பாடு. அதிலும் முதலில் புரதம் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் கீரையும் காயும் பழமும் நிறையச் சாப்பிடு என்றால் எங்கே வைப்பது?

உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, ஆனால் இளக்கமாகப் போகிறது என்றால் பயப்பட வேண்டாம். இறுகிப்போய், முக்கி, வலித்துப் போவதுதான் கவனிக்க வேண்டியது.

எனக்கு அது எந்த அளவுக்குப் போனது என்றால், ஒரு ராத்திரி கழிவறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நெற்றியெல்லாம் வியர்வை, முக்கும்போதெல்லாம் வயிற்றில் துளை போட்ட இடங்கள் சுருக்கென்று இழுக்கின்றன, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. கடைசியில் ரத்தம். ஆசனவாயில் வெடிப்பு விழுந்திருந்தது. அதற்கு முந்தைய ரிவ்யூவிலேயே நான் இதைச் சொல்லியிருந்தேன். எடை பார்த்தார்கள், தழும்பைப் பார்த்தார்கள், "சூப்பரா குறையுது" என்றார்கள். மோஷன் விஷயத்துக்குக் கிடைத்தது அந்த நார்ச்சத்து வரிதான்.

வெடிப்புக்காக மறுபடி போனபோது அங்கிருந்த டயட்டீஷியன் ஒருவர்தான் சரியான கேள்வியைக் கேட்டார். "என்னென்ன மாத்திரை போடுறீங்க? எல்லாத்தையும் எடுத்து மேஜை மேல வைங்கம்மா." ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தார். கால்சியம் கார்பனேட் என்று இருந்தது. "இது பலருக்கு மலத்தை இறுக்கும். உங்களுக்கு வயிற்றில் அமிலமும் குறைஞ்சிருக்கும், இது சரியா சேராது. சிட்ரேட்டா மாத்தச் சொல்றேன்" என்றார். அடுத்தது இரும்புச்சத்து மாத்திரை. அதுவும் மலச்சிக்கலைக் கொண்டுவரும், மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தசோகை வர நிறைய வாய்ப்பு உண்டு. வேறு வகை இரும்பு தரச் சொல்லிக் கேட்கலாம். எனக்கு அப்படித்தான் மாற்றினார்கள். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடக் கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆபரேஷன் முடிந்த கையோடு கொடுக்கும் டிரமடால் மாதிரியான வலி மாத்திரைகளும் குடலின் அசைவை மந்தமாக்கும். வாந்திக்குத் தரும் ஆன்டன்செட்ரானும் அப்படியே.

அப்புறம் தண்ணீர். உணவோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரம் பொறுக்க வேண்டும், ஒரே மூச்சில் குடித்தால் நெஞ்சடைக்கும். இத்தனைக்கும் நடுவில் நாளுக்கு ஒன்றரை லிட்டராவது போக வேண்டும். உடம்புக்குத் தண்ணீர் பற்றவில்லை என்றால் பெருங்குடல் மலத்தில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்த டயட்டீஷியன் மருந்து குடிக்கும் 30 மில்லி பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கொடுத்து, கால் மணிக்கு ஒரு கப் வீதம் மெதுவாகக் குடிக்கச் சொன்னார். மணிக்கு 120 மில்லி. நாள் முழுக்கச் சேர்த்தால் ஒன்றரை லிட்டரை நெருங்கிவிடும். "நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்வதற்கும் இப்படிக் கையில் ஒரு கப்பைக் கொடுப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள். அடர்த்தியாக இருந்தால் தண்ணீர் போதவில்லை.

மருந்து என்று எனக்கு எழுதிக் கொடுத்தது பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி. 17 கிராம், ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். அது ரத்தத்தில் அநேகமாகச் சேர்வதில்லை, குடலிலேயே தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குகிறது. ஒரே நாளில் வேலை செய்யாது, இரண்டு மூன்று நாள் பொறுங்கள். லாக்டுலோஸும் தருவார்கள், அதில் வாயுத் தொல்லை அதிகம். இசப்கோல் மட்டும் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். அது தண்ணீரை இழுத்து உப்பும் பொருள், போதுமான தண்ணீர் குடிக்க முடியாத இந்த வாரங்களில் உள்ளேயே அடைத்துக்கொள்ளலாம்.

"டாக்டரா நீ, மருந்துப் பெயரெல்லாம் சொல்ல?" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. எனக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன், வாங்கிப் போடு என்று சொல்லவில்லை. இந்தப் பெயர்கள் தெரிந்தால் உங்கள் சர்ஜனிடம் நேராகக் கேட்க முடியும். எனக்கு இருந்தது மாதிரி வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் பரவாயில்லை. என் நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் நாலு பேர் முன்னால், "வாயைக் கட்டியிருந்தா ஆபரேஷனே தேவைப்பட்டிருக்காதே" என்றார். எத்தனை வருஷம் வாயைக் கட்டினேன் என்று அவருக்குத் தெரியாது. ஸ்லீவில் வெட்டி எடுக்கும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. அதை எடுத்த பிறகுதான் சாப்பிட்டால் பசி அடங்கும் என்பதையே நான் உணர்ந்தேன். இதைக் குறுக்கு வழி என்பவர்கள் அந்தக் கழிவறை ராத்திரியைப் பார்த்ததில்லை. இந்த மாதிரிப் பேச்சால்தான் நம்மில் பலர் பக்கவிளைவு எதையும் வாய் திறந்து சொல்வதில்லை. "தேடிப் போய்ப் பண்ணிக்கிட்டதுதானே" என்று ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயம். அடுத்த ரிவ்யூவில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறுவதற்கு முன்பே மோஷன் பற்றிச் சொல்லிவிடுங்கள். எத்தனை நாள், இறுக்கமா, ரத்தம் உண்டா, என்னென்ன மாத்திரை என்று தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட விடாதீர்கள்.

கொஞ்சம் நடங்கள். காலையில் வெதுவெதுப்பாக ஏதாவது குடித்த பிறகு குடல் தானாக அசையும், அந்த நேரத்தைத் தவறவிட வேண்டாம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு ஒரு சின்ன முக்காலி வையுங்கள், முழங்கால் இடுப்பை விட உயரும்போது முக்க வேண்டிய அவசியம் குறைகிறது.

வயிறு உப்பி வாயுகூடப் பிரியவில்லை, வாந்தி வருகிறது, காய்ச்சல் இருக்கிறது, அல்லது வலி தாங்க முடியவில்லை என்றால் இந்தப் பொடி, முக்காலி எதுவும் வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஸ்லீவுக்குப் பதில் எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு உள்ளேயே குடல் பிதுங்கி மாட்டிக்கொள்ளும் ஆபத்து வருடங்கள் கழித்தும் உண்டு. அங்கே பார்ப்பவருக்கு உங்கள் பழைய கதை தெரிந்திருக்காது, என்ன ஆபரேஷன், எப்போது செய்தது என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.