பொமேட் வாங்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன்; வயது 27. தை மாதக் கடைசியில் எனக்குத் திருமணம். என் தாத்தா 1962-இல் கிரே ஸ்ட்ரீட்டில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இடப்பக்கம் வகிடெடுத்து, முன்முடியைச் சற்றே தூக்கி, பக்கங்களைப் படியச் சீவியிருக்கிறார். அதே மாதிரி சீவிக்கொண்டு மணவறையில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை. கடையில் பொமேட் என்ற தலைமுடிப் பசையில் எண்ணெய்ப் பொமேட், தண்ணீர்ப் பொமேட் என்று இருவகை காட்டி, இது 'ஸ்ட்ராங்', அது 'எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்' என்கிறார்கள். என் முடி அடர்த்தியானது, நேரானது. எதை வாங்கலாம்?

பதில்: வாழ்த்துகள், தம்பி. 'ஸ்ட்ராங்', 'எக்ஸ்ட்ரா ஸ்ட்ராங்' என்ற சொற்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 'ஸ்ட்ராங்' இன்னொரு நிறுவனத்தின் 'மீடிய'மாக இருக்கலாம். ஆகவே டப்பாவின் மூடியை விட்டுவிட்டு அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். சேர்பொருள்கள் அங்கே அளவின் இறங்கு வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும் என்பதால், முதல் நான்கைந்து பெயர்களிலேயே அந்தப் பொமேட் உங்கள் தலையில் எப்படி நடந்துகொள்ளும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதலில் 'பெட்ரோலாட்டம்' என்று இருந்தால் அது எண்ணெய் வகை. பெட்ரோலாட்டம் என்பது நாம் வாஸ்லின் என்று அறிந்த அதே பொருள்தான். ராபர்ட் செஸ்புரோ அதற்கு 1872-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதற்கு அடுத்து தேன்மெழுகோ மைக்ரோகிரிஸ்டலைன் வேக்ஸ் என்ற மெழுகோ வந்தால் பிடிமானம் கெட்டியாக இருக்கும். மினரல் ஆயிலும் லேனோலினும் வந்தால் பிடிமானம் குறைந்து பளபளப்பு கூடும். மாறாக, பட்டியல் 'அக்வா' என்று, அதாவது தண்ணீரில் தொடங்கி, செட்டியரெத்-25, கிளிசரின், பி.வி.பி. என்று தொடர்ந்தால் அது தண்ணீர் வகை. வெறும் தண்ணீரிலேயே கழுவிவிடலாம் என்பதுதான் அதன் பெரிய வசதி.

நம் ஊருக்கு வருவோம். டர்பனில் பிப்ரவரி மாதக் காற்றின் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது, பி.வி.பி. காய்ந்தால் மெல்லிய படலமாக முடியை இறுக்கிப் பிடித்து, ஈரம் பட்டால் இளகிவிடும். சென்ற பிப்ரவரியில் இருவகையையும் ஒரே வாரத்தில் என் தலையிலேயே சோதித்துப் பார்த்தேன். தண்ணீர் வகை காலை எட்டு மணிக்கு மிக அழகாக நின்றது. பதினொரு மணிக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் சந்தையில் மசாலாக் கடைகளைச் சுற்றிவிட்டு வந்தபோது முன்முடி நெற்றியில் சரிந்து, தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. மறுநாள் மெழுகு கூடிய எண்ணெய் வகையைத் தடவிக்கொண்டு அதே வழியில் நடந்தேன். ஈரம் அதை ஒன்றும் செய்யவில்லை. வெயிலில் சற்று இளகியது, சீப்பை எடுத்து ஒருமுறை வாரியதும் பழையபடி நின்றுவிட்டது. எண்ணெய் வகை காய்ந்து இறுகுவதே இல்லை என்பதால் எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி வாரிக்கொள்ளலாம். நாள் முழுதும் நீளும் திருமணத்துக்கு இந்த ஒரு குணமே எனக்குப் போதுமானதாகப் படுகிறது.

ஆகவே உங்கள் மணநாளுக்கு மெழுகு கூடிய எண்ணெய்ப் பொமேட்டையே சொல்வேன். கடைகளில் விசாரிக்கும்போது, 1920-களிலிருந்து அமெரிக்காவில் தயாராகும் 'மர்ரேஸ் சுப்பீரியர்' கெட்டியான வகைக்கும், ரோட்டர்டாம் முடிதிருத்துநர்களின் 'ரூசல்' நிறுவனத்து இளஞ்சிவப்பு டப்பா, பச்சை டப்பா இரண்டும் மணமும் பதமும் சற்று மென்மையான வகைக்கும் எடுத்துக்காட்டுகள். ரூசலிலேயே நீலமும் சிவப்பும் தண்ணீரில் கரைபவை. நிறத்தைப் பாராமல் கைக்கு வந்ததை எடுத்துவந்து ஏமாந்தவர்கள் பலர்.

தாத்தாவின் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பலர் தடவியது பொமேட்டை அன்று, பிரில்கிரீமை. 1928-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவான அது, தண்ணீரையும் மினரல் ஆயிலையும் தேன்மெழுகால் ஒன்றுசேர்த்த பசை. படியச் சீவுவதற்கு அது மிகவும் ஏற்றது. முன்முடியைத் தூக்கி நிறுத்தும் வலு அதற்குக் குறைவு. தாத்தாவின் முன்முடி நன்றாகவே உயர்ந்து நிற்கிறது என்றால் அதில் பாதிப் பெருமை முடிதிருத்தியவருக்குச் சேரும். எனவே படத்தை எடுத்துக்கொண்டு முதலில் சலூனுக்குப் போங்கள். முன்னால் நான்கு அங்குலம் விட்டு, பக்கங்களை மெஷின் வைக்காமல் கத்தரியால் படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள். அந்த வெட்டு அமையாவிட்டால் எந்த டப்பாவும் உதவாது.

தடவும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். தோலுரித்த ஒரு வேர்க்கடலை அளவு எடுத்தால் போதும். கெட்டியான டப்பாவாக இருந்தால் கட்டைவிரல் நகத்தின் பின்புறத்தால் சுரண்டி எடுங்கள். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, கட்டி ஒன்றுகூட இல்லாமல் கண்ணாடிபோல் தெளியும் வரை தேய்க்க வேண்டும். அந்தச் சூடு ஏறாமல் தலையில் வைத்தால் ஒரே இடத்தில் அப்பிக்கொண்டு, வெள்ளைத் திட்டாகத் தெரியும். முடி முக்கால் பங்கு உலர்ந்திருக்கும்போது, ஹேர் டிரையரால் முன்முடியை மேல்நோக்கி உயர்த்திய பிறகு, பின்னந்தலையில் தொடங்கி முன்னால் வாருங்கள். நெற்றி ஓரத்துக்குக் கையில் கடைசியாக மிஞ்சுவது போதும்.

மணவறைக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஓமத் தீயின் எதிரே ஒரு மணி நேரம் உட்காரும்போது எண்ணெய்ப் பொமேட் இளகும் என்பதால், சீப்பை மாப்பிள்ளைத் தோழனிடம் கொடுத்து வையுங்கள். அடுத்தது அட்சதை. பிசுக்கான உச்சந்தலையில் மஞ்சள் அரிசி விழுந்தால் உதிராமல் ஒட்டிக்கொண்டு, எல்லாப் படங்களிலும் தெரியும். அதனால் உச்சியில் மிக மெல்லியதாகத் தடவுங்கள். இவற்றையெல்லாம் மூன்று வாரத்துக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக ஒத்திகை பார்த்துவிட வேண்டும்.

கேள்வி: டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன், ஐயா. கல்லூரியில் படிக்கும் என் மகன் ஆறு மாதமாக ஏதோ டப்பாவிலிருந்து தலைக்குத் தடவுகிறான். நெற்றி ஓரமெங்கும் சிறுசிறு பொரிகள் வந்திருக்கின்றன. தலையணை உறை மஞ்சளாகிவிட்டது. எத்தனை தடவை ஷாம்பூ போட்டாலும் பிசுக்குப் போவதில்லை என்கிறான். அதை நிறுத்திவிடச் சொல்லட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டும் என்பதில்லை அம்மா, மாற்றினால் போதும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது எண்ணெய் வகையாகத்தான் இருக்க வேண்டும். பொமேட்டின் கொழுப்பு நெற்றித் தோலில் வழிந்து மயிர்க்கால்களின் வாயை அடைப்பதால் இத்தகைய பொரிகள் வருவதுண்டு. தோல் மருத்துவர்கள் இதைப் 'பொமேட் பரு' என்றே தனியாகப் பெயரிட்டு 1970-லேயே எழுதியிருக்கிறார்கள். உங்கள் மகன் தினமும் தடவுகிறவர் என்பதால், தண்ணீரில் கரையும் வகைக்கு மாறி, நெற்றி ஓரத்தில் ஒரு விரற்கடை இடம்விட்டுத் தடவட்டும். இரவில் படுக்குமுன் தலையைக் கழுவிவிட்டே படுக்கட்டும். மாறிய பிறகும் சில வாரங்களில் குறையாவிட்டால், அல்லது பொரிகள் சீழ்கட்டி வலித்தால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது தலையில் ஏறியிருக்கும் பிசுக்கை எடுக்க ஒரு வழி இருக்கிறது. எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். தலையை நனைக்காமல், உலர்ந்த முடியிலேயே இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டு, அதன் பிறகு தண்ணீர் சேர்க்காமலே ஷாம்பூவைப் போட்டுக் குழைத்து, கடைசியில் வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். மறுபடி ஒருமுறை ஷாம்பூ போட்டால் தலை விட்டுவிடும். இந்தியக் கடைகளில் கிடைக்கும் சீயக்காய்த் தூளும் இதற்கு நன்றாக உதவும். முதலில் நனைத்துவிட்டால் தண்ணீர் மெழுகின் மேல் முத்துமுத்தாக நின்று ஷாம்பூவை உள்ளே விடாது. உங்கள் மகன் இத்தனை நாள் தோற்றது அதனால்தான். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தலைக்குப் போடும்படி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அது முடியின் இயல்பான எண்ணெயையும் சேர்த்து வழித்துவிடும்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தடவியே எங்கள் தாத்தாமார் படியச் சீவினார்களே, அது போதாதா? இவ்வளவு விலை கொடுத்துப் பொமேட் எதற்கு? (லெனேசியாவிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: படிய வைக்கப் போதும், நிறுத்தி வைக்கப் போதாது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உருகிவிடுகிறது. மனிதத் தலையின் சூடு அதைவிட அதிகம். திரவமாக இருக்கும் பொருளால் வகிட்டைக் காட்ட முடியும், பளபளப்பைத் தர முடியும்; முன்முடியின் பாரத்தைத் தாங்க முடியாது. ஆனால் தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவி, கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்பது 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில் காட்டப்பட்டிருக்கிறது. பெட்ரோலாட்டம் மேலே படலமாக நிற்பதோடு சரி. அதனால் நம் வீட்டு வழக்கம் முற்றிலும் சரியானதே, அது முடியைப் பேணுவதற்கான வழக்கம். இரவில் எண்ணெய் வைத்து, காலையில் குளித்து, உலர்ந்த பிறகு பொமேட் தடவுங்கள்.

உங்கள் ஊருக்கு டர்பனுக்குச் சொன்ன கணக்குப் பொருந்தாது. ஜோஹானஸ்பர்க் பகுதி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; குளிர்காலக் காற்று மிகவும் உலர்ந்தது. போர்வையிலிருந்து தலையை எடுத்தாலே முடி சிலிர்த்து நிற்கும் அந்த மாதங்களில், டர்பனில் குறையாகப் படுகிற தண்ணீர்ப் பொமேட் உங்களுக்குக் குறையின்றி நிற்கும். கெட்டியான மெழுகு டப்பாவோ ஜூலை மாதக் காலையில் கல்லாகிவிடும்.

கேள்வி: இணையக் கடை ஒன்றில் 113 கிராம் டப்பா வாங்கினேன். திறந்து பார்த்தால் எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே நிற்கிறது, நாற்றமும் சரியில்லை. 'அழகுப் பொருள்களைத் திரும்பப் பெறுவதில்லை' என்று சொல்லிவிட்டார்கள். பணம் போனதுதானா?

பதில்: போகவில்லை. இதே பதிலை ஒரு கடைக்காரர் எனக்கும் சொல்லியிருக்கிறார்; விடாமல் எழுதிக் கேட்ட பிறகு பணத்தைத் திருப்பித் தந்தார். அதனால் உங்களையும் விட்டுவிடாமல் கேட்கச் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55, 56-ஆம் பிரிவுகளின்படி, விற்கும் பொருள் நல்ல தரத்துடனும் குறைபாடு இல்லாமலும் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால், கையில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், விற்றவரின் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பழுது நீக்குவதா, வேறு பொருள் தருவதா, பணத்தைத் தருவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. கடையின் அறிவிப்புப் பலகை இந்த உரிமையைப் பறிக்க முடியாது. டப்பாவைத் திறந்தால்தானே குறை தெரியும், ஆகவே திறந்துவிட்டீர்கள் என்ற வாதமும் இங்கே எடுபடாது. படம் எடுத்து வையுங்கள். அடியிலுள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணும் அதில் தெரியட்டும். கடைக்கு எழுத்தில் முறையிட்டும் பயனில்லை என்றால், நுகர்வோர் பொருள்கள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

குறையே இல்லாமல், மணம் பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு கதை. இணையத்தில் வாங்கியதாக இருந்தால் 2002-ஆம் ஆண்டின் மின்னணுத் தகவல்தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டம் பொருள் வந்து ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்துசெய்ய இடம் தருகிறது; திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆனால் அதற்கு டப்பாவின் முத்திரை பிரியாமல் இருப்பது நல்லது, ஏனென்றால் விரல் வைத்த பொமேட்டை மறுபடி விற்க முடியாது என்ற அவர்களின் வாதத்தில் நியாயம் உண்டு. நேரில் கடையில் வாங்கியதை, பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் திருப்ப உரிமை இல்லை.

இதனால்தான் புதிய பொமேட்டை முதலில் 35 கிராம் டப்பாவில் வாங்கச் சொல்கிறேன். கிராம் கணக்கில் அது விலை கூடுதல்தான்: 35 கிராம் 160 ரேண்ட், 113 கிராம் 340 ரேண்ட் என்று வைத்துக்கொண்டால், நூறு கிராமுக்கு முன்னதில் 457 ரேண்டும் பின்னதில் 301 ரேண்டும் ஆகும். இருந்தாலும் பிடிக்காத பெரிய டப்பா குளியலறை அலமாரியில் கிடந்து வீணாவதைவிட, 160 ரேண்டில் உண்மை தெரிந்துவிடுவது மேல்.

கேள்வி: பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். வயது 54. உச்சியில் முடி குறைந்துவிட்டது. எனக்குப் பொமேட் ஒத்துவருமா?

பதில்: பளபளக்கும் பொமேட்டைத் தவிர்த்துவிடுங்கள், ஐயா. அது முடிகளைக் கற்றைகற்றையாகச் சேர்த்து, இடையிலுள்ள தோலை மேலும் காட்டும். கயோலின் அல்லது பெண்டோனைட் என்ற களிமண் சேர்ந்த, பளபளப்பில்லாத வகையை வாங்கி, பட்டாணியில் பாதி அளவு மட்டும், முழுதாக உலர்ந்த முடியில் விரல்களால் தடவுங்கள். நெருக்கமான பல் சீப்பு வேண்டாம்.

கழுவும்போது கட்டாயம் தண்ணீரில் கரைவதாக இருக்க வேண்டும். மெழுகை எடுப்பதற்காக அழுத்தித் தேய்க்கும்போது, இருக்கிற முடிதான் அறுந்து கையோடு வரும்.