காலணிகளும் ஒட்டகச்சிவிங்கிகளும்

கேள்வி: பிலிப்பைன்ஸ் நாட்டின் முன்னாள் அதிபர் ஃபெர்டினாண்ட் மார்க்கோஸின் மனைவி இமெல்டாவைப் பற்றிய 'தி கிங்மேக்கர்' ஆவணப்படத்தில் அவரையே நெடுநேரம் பேசவிட்டிருக்கிறார்கள். இது அவருக்கு விளம்பரமாகிவிடாதா?

பதில்: முதல் அரைமணி நேரம் எனக்கும் அந்த ஐயம் இருந்தது. செல்வச் செழிப்பைப் பல ஆண்டுகளாகப் படம்பிடித்துவரும் அமெரிக்க இயக்குநர் லாரன் கிரீன்ஃபீல்ட், 2019-ல் வெளியான இப்படத்தில் இமெல்டாவைக் குறுக்கு விசாரணை செய்வதே இல்லை. இமெல்டா காரில் இருந்தபடி ஏழைகளுக்குப் பணத்தாள்களை நீட்டுகிறார், தம்மை நாட்டின் தாயாகச் சொல்லிக்கொள்கிறார், கணவரின் ராணுவச் சட்ட ஆட்சியைப் பொற்காலம் போல் நினைவுகூர்கிறார். இடைமறித்திருந்தால் எச்சரிக்கையாகியிருப்பார், இடைமறிக்காததால், உண்மை முக்கியமல்ல, தோற்றமே நிஜம் என்ற பொருள்பட அவரே சொல்லிவிடுகிறார்.

அவர் சொல்வதற்கான மறுப்பு படத்தில் வேறிடத்திலிருந்து வருகிறது. 1970-களில், மார்க்கோஸ் ஆட்சியில், கென்யாவிலிருந்து ஒட்டகச்சிவிங்கிகள், வரிக்குதிரைகள் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகளைக் கப்பலேற்றிப் பிலிப்பைன்ஸின் கலாவிட் தீவில் விட்டார்கள். அதற்காக அங்கே குடியிருந்த 250-க்கும் மேற்பட்ட குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். 1986-ல் மக்கள் எழுச்சியால் மார்க்கோஸ் குடும்பம் ஹவாய்க்குத் தப்பியோடிய பிறகும் விலங்குகள் அங்கேயே தங்கி, வெளிக்கலப்பின்றித் தமக்குள்ளேயே பெருகின. அதிகாரம் ஒரே குடும்பத்துக்குள் சுற்றிச்சுற்றி வரும் ஒரு நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உவமையை எந்தத் திரைக்கதாசிரியரும் எழுதியிருக்க மாட்டார்.

கேள்வி: அவரிடம் 3,000 ஜோடி காலணிகள் இருந்தது உண்மையா?

பதில்: எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறது; ஆயிரத்துக்கு மேல் என்பதில் ஐயமில்லை. அவற்றில் பல மரிகினா நகரக் காலணி அருங்காட்சியகத்தில் உள்ளன. அதை 2001-ல் திறந்துவைத்தவரே இமெல்டாதான்! இந்தக் காலணிக் கதை அவருக்குக் கேடு செய்ததைவிட நன்மையே அதிகம் செய்தது என்பது என் கருத்து, ஏனெனில் சிரிப்புக்கிடையே மற்றக் கணக்குகள் மறந்துபோகின்றன. 1972-ல் ராணுவச் சட்டம் வந்தபின் சுமார் 70,000 பேர் சிறைவைக்கப்பட்டதாகவும், 34,000 பேர் சித்திரவதைக்கு உள்ளானதாகவும், 3,200-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகவும் ஆம்னெஸ்டி மனித உரிமை அமைப்பு கூறுகிறது. அப்படித் துன்புற்றுப் பிழைத்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததைக் குரல் உயர்த்தாமல் சொல்லும் காட்சிகள் வந்ததும், பார்ப்பவரின் சிரிப்பு நின்றுவிடுகிறது.

கேள்வி: படம் வந்தபின் என்ன மாறியது?

பதில்: 2018 நவம்பரிலேயே ஊழல் தடுப்பு நீதிமன்றம் ஏழு குற்றச்சாட்டுகளில் இமெல்டாவைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்திருந்தது, அவரோ பிணை பெற்று வெளியில்தான் இருந்தார். 2016 துணை அதிபர் தேர்தலில் லெனி ராப்ரெடோவிடம் மயிரிழையில் தோற்ற இமெல்டாவின் மகன் போங்போங், 2022-ல் அதே ராப்ரெடோவை மாபெரும் வாக்கு வித்தியாசத்தில் வென்று அதிபரானார். முதல்முறை பார்த்தபோது துணைக்கதையாகத் தெரிந்த மகனின் பிரசாரக் காட்சிகளுக்காகவே, அந்தத் தேர்தலுக்குப் பின் நான் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன்.