நான்கு நிமிடம் இருபது விநாடி

கேள்வி: புதுச்சேரி மிஷன் வீதிக்குப் பக்கத்தில் விடுதி நடத்துகிறோம். மூன்று தளம், 22 அறைகள். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து 30 சேனல்களை நெட்வொர்க் கம்பி வழியாகவே அறைகளுக்கு அனுப்பும் கருவி ஒன்றை வாங்கித் தரைத்தளத்தில் வைத்தோம். அன்று முதல் வைஃபை நகரவில்லை. பில் போடும் கம்ப்யூட்டரும் திணறியது. வேலை செய்த தம்பி வந்து, நெட்வொர்க் கம்பிகளை இணைக்கும் எல்லா ஸ்விட்சுகளிலும் ‘ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்’ என்பதையும், தெரியாத மல்டிகாஸ்டைத் தடுக்கும் அமைப்பையும் இயக்கினார். வைஃபை சரியாகிவிட்டது. ஆனால் தரைத்தளத்தில் டிவி சில நிமிடம் ஓடி உறைந்துவிடுகிறது. சேனலை மாற்றித் திரும்பினால் மறுபடி ஓடுகிறது. மாடி அறைகளில் படமே வருவதில்லை. ஸ்விட்சுகளை மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டுமா?
— வாசகி, புதுச்சேரி

பதில்: வேண்டாம் அம்மா. பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்சுகளில் பழுது இல்லை.

முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். தரைத்தள அறை ஒன்றில் சேனலை மாற்றிய கையோடு கைப்பேசியின் ஸ்டாப்வாட்சை ஓடவிடுங்கள். படம் 4 நிமிடம் 20 விநாடியை ஒட்டி நின்றால், காரணம் நான் சொல்லப்போவதுதான்.

வைஃபை ஏன் நகரவில்லை என்பதிலிருந்து வருகிறேன். எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் (கம்பி செருகும் துளையில்) இருக்கிறது என்பதை, அது அனுப்பும் தகவலின் அனுப்புநர் முகவரியைப் பார்த்துத்தான் ஸ்விட்ச் கற்றுக்கொள்கிறது. மல்டிகாஸ்ட் என்பது ஒரே ஓட்டத்தைக் கேட்டவர்கள் எல்லோருக்கும் அனுப்புவது; இங்கே ஒரு சேனல் ஒரு குழு. அந்தக் குழுவின் முகவரியோ பெறுநர் இடத்தில் மட்டுமே வரும். ஆகவே ஸ்விட்சுக்கு அது என்றைக்கும் புதுமுகம்; எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எல்லாப் போர்ட்டுகளிலும் கொட்டிவிடும். ஒரு சேனலுக்கு 4 மெகாபிட் என்று வைத்தாலும் 30 சேனலுக்கு 120. பழைய 100 மெகாபிட் போர்ட் அதிலேயே மூழ்கிவிடும். உங்கள் பில் கம்ப்யூட்டர் யாரும் கேட்காத 30 சேனல்களையும் வாங்கிக்கொண்டிருந்தது.

ஸ்னூப்பிங் என்பது ஒட்டுக்கேட்பது. செட்டாப் பாக்ஸ் ‘239.10.1.7 என்ற குழு எனக்கு வேண்டும்’ என்று ஒரு சீட்டு அனுப்புகிறது. இந்தச் சீட்டு முறைக்குத்தான் ஐ.ஜி.எம்.பி. என்று பெயர். அது ரூட்டருக்கு எழுதிய சீட்டு. ஸ்விட்ச் இடையில் எட்டிப் பார்த்து, ‘இந்தக் குழு, இந்தப் போர்ட்’ என்று குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்புக்கு ஆயுள் உண்டு, இருக்கத்தான் வேண்டும். விருந்தினர் சாவியை உருவிக்கொண்டு கிளம்புகிறார், அறையில் மின்சாரம் நிற்கிறது, பாக்ஸ் விடைபெறாமலே அணைந்துவிடுகிறது. குறிப்புக்கு ஆயுள் இல்லாவிட்டால் காலி அறைக்கு இரவெல்லாம் படம் போய்க்கொண்டிருக்கும். அதனால் 125 விநாடிக்கு ஒருமுறை ‘யாருக்கு எது வேண்டும்?’ என்று ஒருவர் கேட்க வேண்டும். பாக்ஸ்கள் 10 விநாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு சுற்றும் ஒரு பதில் நேரமும் கடந்தால் குறிப்பு அழியும். 125 இரண்டு முறை, அதனுடன் 10: மொத்தம் 260 விநாடி. உங்கள் ஸ்டாப்வாட்ச் காட்டப்போகும் கணக்கு இதுவே.

கடலூர் முதுநகரில் என் பெரியப்பா ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதினார். மாலையானால் துறைமுகத்தில் படகு படகாகப் போய், ‘நாளைக்கு யார் யார் கடலுக்குப் போகிறீர்கள்?’ என்று கேட்டு நோட்டில் குறிப்பார். வலையைச் சீர்பார்த்துக்கொண்டிருப்பவர் கேட்டால் பதில் சொல்வார். தானாக எழுந்து வந்து சொல்ல மாட்டார். ஒருநாள் பெரியப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் விடியற்காலையில் வண்டி நிறைய ஐஸ் இருந்தது, நோட்டில் ஒரு பெயர்கூட இல்லை.

உங்கள் விடுதியில் கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த ஆளுக்குக் ‘குவரியர்’ என்று பெயர். பெரிய நிறுவனங்களில் மல்டிகாஸ்ட் ரூட்டர் இந்த வேலையைப் பார்த்துவிடும். உங்களிடம் அது இல்லாததால் ஒரு ஸ்விட்சுக்கு இந்தப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும். சேனலை மாற்றும்போது மட்டும் பாக்ஸ் தானாகச் சீட்டு அனுப்புகிறது. அதனால்தான் படம் திரும்பி வருகிறது.

மாடிக்குப் படம் வராததற்கும் இதுவே காரணம். ஸ்விட்ச் தன்னிடம் வரும் சீட்டுகளை எல்லாப் பக்கமும் அனுப்பாது. கேள்வி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அந்தத் திசைக்கே அனுப்பும். ஐ.ஜி.எம்.பி. இரண்டாம் பதிப்பில், பக்கத்து அறை அதே சேனலைக் கேட்பது காதில் விழுந்தால் பாக்ஸ் தன் பதிலை விழுங்கிவிடும், பிறகு அந்தப் போர்ட் குறிப்பில் ஏறாது. அதனால் இந்தக் கட்டுப்பாடு. உங்களிடம் கேள்வியே பிறக்காததால் மாடி ஸ்விட்சுக்குத் திசை தெரியவில்லை, சீட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. கீழே இருக்கும் ஸ்விட்ச், யாரும் கேட்கவில்லையே என்று தடுத்துவிடுகிறது.

ஆகவே சேனல் கருவி செருகப்பட்டிருக்கும் தரைத்தள ஸ்விட்சிலேயே குவரியரை இயக்கச் சொல்லுங்கள். அதற்கு ஒரு ஐ.பி. முகவரியும் கொடுக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் பல ஸ்விட்சுகள் கேட்பதே இல்லை. மாடி ஸ்விட்சில் வைக்க விடாதீர்கள். குவரியர் இருக்கும் திசையை ரூட்டரின் திசையாகக் கருதி, மற்ற ஸ்விட்சுகள் 30 சேனல்களையும் அந்தப் பக்கமே தள்ளும்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. மஞ்சக்குப்பத்தில் ஒரு விடுதியில் எல்லாம் சரியாக வைத்தும் சேனல்கள் எல்லாப் போர்ட்டிலும் கொட்டுவது நிற்கவில்லை. இரவு பதினொரு மணிக்கு மேல், மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்விட்சுகளின் எதிரில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். டிவி இல்லாத போர்ட்டுகளின் பச்சை விளக்குகளும் மற்றவற்றோடு ஒரே தாளத்தில் துடித்தன. சேனல்களுக்கு 239.128.0 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்திருந்தார்கள். குழு முகவரியின் கடைசி 23 பிட்டுகள் மட்டுமே மேக் முகவரிக்கு, அதாவது ஸ்விட்ச் பார்க்கும் முகவரிக்கு, போகும். அதனால் 32 குழுக்கள் ஒரே மேக் முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 239.128.0.5 என்பது 224.0.0.5 இருக்கும் அதே இடத்தில் போய் விழுகிறது. 224.0.0 வரிசையோ நெட்வொர்க் தன் சொந்த வேலைக்குப் பேசிக்கொள்வது; அதை ஸ்விட்ச் தடுக்காது, எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பும். முகவரிகளை 239.10.1 வரிசைக்கு மாற்றினேன். ஒவ்வொரு சேனலாக மாற்ற மாற்ற, அந்த விளக்குகள் அடங்கிக்கொண்டே வந்தன. உங்கள் கருவியில் 239.0.0, 239.128.0 இரண்டு வரிசைகளையும் தவிருங்கள்.

கேள்வி: சேனலை மாற்றியதும் பழைய சேனல் உடனே நிற்குமா?
— பாலிடெக்னிக் மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: 1989-இல் வந்த ஐ.ஜி.எம்.பி. முதல் பதிப்பில் விடைபெறும் சீட்டே கிடையாது, குறிப்பு தானாக அழியும் வரை காத்திருக்க வேண்டும். 1997-இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைக் கொண்டுவந்தது. ஒருவர் விலகினால், ‘இந்தச் சேனல் இன்னும் யாருக்காவது வேண்டுமா?’ என்று குவரியர் ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு முறை கேட்கும். பதில் இல்லையென்றால் நிறுத்திவிடும். கேட்காமலே நிறுத்தும் ‘ஃபாஸ்ட் லீவ்’ அமைப்பும் உண்டு. ஒரு போர்ட்டுக்கு ஒரு பாக்ஸ் என்றால் மட்டும் அதை இயக்குங்கள். இரண்டு அறைக்குச் சேர்த்து ஒரு சின்ன ஸ்விட்சைச் செருகியிருந்தால், இவர் சேனல் மாற்றியதும் பக்கத்து அறைக்காரர் பார்த்துக்கொண்டிருந்த படம் நின்றுவிடும்.

கேள்வி: இதே சேனல்களை வைஃபை வழியாகக் கைப்பேசியில் பார்க்கலாமா?
— வாசகர், பண்ருட்டி

பதில்: பார்க்கலாம், ஆனால் படம் சிதறும். வைஃபை பெட்டி மல்டிகாஸ்டைத் தூரத்துக் கருவிக்கும் எட்டும்படி மிகக் குறைந்த வேகத்தில் அனுப்புகிறது. கிடைத்ததா என்று பதில் கேட்பதில்லை, விட்டுப்போனதைத் திரும்ப அனுப்புவதும் இல்லை. சில பெட்டிகளில் மல்டிகாஸ்டைத் தனித்தனிப் பிரதியாக மாற்றி அனுப்பும் அமைப்பு உண்டு. ஐந்தாறு பேர் பார்ப்பதற்கு அது போதும்.